ஐந்து விதிகளைக் கேட்டு நூலகரைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

கல்லூரி நூலகர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், போகிற வழியில் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைத்தான். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி, நூலகம் ஒரு வளரும் உயிரி. 1931-இல் வெளிவந்த விதிகள். இன்றுவரை முதல் கேள்வியாக வருகின்றன. சிக்கல் என்னவென்றால், பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் சரியாகச் சொல்கிற கேள்வியால் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அப்புறம் எதை வைத்து முடிவாகிறது? பேச்சுச் சாமர்த்தியம், ஆங்கிலம், சொந்த ஊர், யார் சொல்லி வந்தவர், எவ்வளவு சம்பளத்துக்கு ஒத்துக்கொள்வார். நூலகத்தோடு தொடர்பில்லாத விஷயங்கள்தான் உண்மையில் மதிப்பெண் வாங்குகின்றன.

இதில் வேடிக்கை, அந்த ரங்கநாதனே இன்றைய நேர்முகத்தில் தேறியிருக்க மாட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவியை உருவாக்கியபோது விண்ணப்பித்தார். விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 900 பேர். ஒருவருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. நேர்முகத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கையில் சில ஆய்வுக் கட்டுரைகள் இருந்ததால் குழுவுக்கு அவரைப் பிடித்துப்போனது. 1924 ஜனவரியில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே சலிப்புத் தாங்காமல், பழையபடி பாடம் நடத்தவே அனுப்பிவிடுங்கள் என்று போய் நின்றார். பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பியது. திரும்பி வந்தும் பிடிக்கவில்லையென்றால் கணிதத்துக்கே போகலாம் என்று ஒப்பந்தம். அவர் போகவில்லை. தேர்வுக் குழுவின் சாமர்த்தியத்துக்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்லுவார்கள். எனக்கென்னவோ, அவர்கள் எடுத்த நல்ல முடிவு நேர்முகத்தில் எடுத்ததில்லை, அவரை லண்டனுக்கு அனுப்பியதுதான் என்று தோன்றுகிறது. நேர்முக அறையில் சலிப்பு வரும் என்பதும் தெரியவில்லை, பிறகு வரப்போகும் பெரிய ஈடுபாடும் தெரியவில்லை.

நேர்முகம் ஒரு மங்கலான கருவி என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. வேலைக்கு எடுக்கும் முறைகளில் எது பிற்பாடு ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதைச் சரியாகக் கணிக்கிறது என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்துவருகிறார்கள். பால் சாக்கெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2022-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் கணிப்பு அப்படியே பலிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மனம்போன போக்கில் பேசும் நேர்முகத்துக்குக் கிடைத்தது 0.19. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே எழுதிய அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்முகத்துக்கு 0.42. அவர்கள் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். துறை அறிவுத் தேர்வு 0.40, செய்துகாட்டச் சொல்லும் சோதனை 0.33. ஒரே நாற்காலிகள், அதே ஆட்கள், அதே அரை மணி நேரம். ஒழுங்குபடுத்திக் கேட்டால் கணிப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. இதற்குப் பணம் செலவில்லை. முந்தின நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் யாரும் ஒதுக்குவதில்லை.

நம் நீதிமன்றங்கள் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 மதிப்பெண் என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள். அதிலும் பெற்றோர் யார், எந்த ஊர் என்ற விசாரிப்பே அதிகம் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்ற உச்ச நீதிமன்றம், நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அரசுப் பணித் தேர்வுகளுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பதை 1985-இல் ஹரியானா வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகமே கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2023-இல் நடத்திய நூலகப் பணித் தேர்விலும் மாவட்ட நூலக அலுவலர் போன்ற மேல்நிலைப் பதவிகளுக்கு மட்டும் நேர்முகம் இருந்தது. நூலக உதவியாளருக்கு எழுத்துத் தேர்வோடு சரி.

ஆக, நேர்முகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடம் இன்று பெரும்பாலும் தனியார் கல்லூரிகளும் பள்ளிகளும்தான். சட்டம் அங்கே அவ்வளவாக எட்டிப்பார்ப்பதில்லை. அதனால் இனி சொல்வது முக்கியமாக அங்கே மேசையின் இரு பக்கமும் உட்காரப்போகிறவர்களுக்கு.

முதலில் எடுக்கிற பக்கம். தாளாளர், முதல்வர், ஒரு துறைத்தலைவர், வேறு கல்லூரியிலிருந்து துறை வல்லுநர் என்று ஒரு நூலகர்: இதுதான் வழக்கமான குழு. அந்த வெளி நூலகரைத் தவிர மற்றவர்களுக்கு நூலகத்தின் உள்வேலை தெரியாது. தெரியாததால்தான் பொது அறிவுக் கேள்விகளுக்குப் போகிறார்கள். ரங்கநாதன் உருவாக்கிய நூல் பகுப்பு முறையான கோலன் பகுப்பு வந்த ஆண்டு எது, நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எத்தனை இலக்கம். 1933 என்றும் 13 என்றும் பதில் வரும். கோஹா என்ற நூலக மென்பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று கேட்டால் நியூசிலாந்து என்பார்கள். நல்லது. ஆனால் திங்கட்கிழமை காலை சர்வர் எழவில்லை, சனிக்கிழமை எடுத்த பேக்கப்பை ஏற்ற வேண்டும் என்றால் நியூசிலாந்து உதவாது. இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டுமென்றால் இருபது நிமிடத் தாளாகக் கொடுத்துவிடுங்கள். மனிதரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு வினாடி வினா நடத்துவது இரு தரப்புக்கும் நேர விரயம்.

கேள்வி எங்கிருந்து வர வேண்டும்? வேலையிலிருந்து. உங்கள் நூலகத்தில் போன ஆண்டு என்னென்ன தலைவலி வந்தது என்று இப்போது இருக்கும் ஊழியர்களைக் கேட்டால் அரை மணி நேரத்தில் பத்துக் கேள்வி கிடைத்துவிடும். நான் அடிக்கடி பரிந்துரைக்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு மூத்த துறைத்தலைவர் பேரில் 22 புத்தகங்கள் இரண்டு ஆண்டாகத் திரும்பி வரவில்லை. அதில் மூன்றை மாணவர்கள் தினமும் வந்து கேட்கிறார்கள். என்ன செய்வீர்கள்?"

"முதல்வரிடம் புகார் எழுதிக் கொடுப்பேன்" என்பது ஒரு வகைப் பதில். விதிப்படி சரிதான், ஆனால் அவர் அந்தக் கல்லூரியில் ஒரு பருவம் ஓட்டுவதே கஷ்டம். "சார் சீனியர், நாம எப்படிக் கேக்கறது" என்பது இன்னொரு வகை. இவரிடம் நூலகம் மெல்ல மெல்லப் பேராசிரியர்களின் வீட்டு அலமாரிகளுக்குக் குடிபெயர்ந்துவிடும். கொஞ்சம் அனுபவப்பட்டவர் எங்கே தொடங்குவார் தெரியுமா? அந்த 22 புத்தகமும் உண்மையில் அவரிடம்தான் இருக்கின்றனவா என்று ரேக்கில் போய்ப் பார்ப்பேன் என்பார். ஏனென்றால் திருப்பிக் கொடுத்ததைப் பழைய ஆள் கணினியில் வரவு வைக்காமல் அடுக்கிவிட்டுப் போயிருக்கலாம். இது எல்லா நூலகத்திலும் நடக்கிறது. பிறகு கடிதம் அனுப்பாமல் நேரில் போய், "சார், இந்த மூன்று மட்டும் பசங்க கேக்கறாங்க, மீதியை நீங்க வெச்சுக்கோங்க, புதுப்பித்துக் கொடுத்துடறேன்" என்பார். அதன் பிறகும் நடக்கவில்லையென்றால், எல்லாத் துறைகளின் நிலுவைப் பட்டியலையும் சேர்த்து நூலகக் குழுக் கூட்டத்தில் வைப்பேன், அப்போது ஒருவரை மட்டும் குறிவைத்த மாதிரி இருக்காது என்பார். பதிவேட்டைச் சரிபார்த்தல், மாணவர் தேவையை முன்வைத்தல், ஆளைப் பகைக்காமல் விதிக்குக் கொண்டுவருதல்: இந்த மூன்றும் வந்தால் முழு மதிப்பெண், ஒன்று வந்தால் இவ்வளவு என்று முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் பேச வேண்டும். தாளாளர் முதலில் "பையன் தேறமாட்டான்" என்று சொல்லிவிட்டால், அப்புறம் மற்ற மூன்று பேர் போடும் மதிப்பெண்ணும் தாளாளருடையதுதான்.

செய்துகாட்டச் சொல்வதும் நூலகத்தில் மிக எளிது. உதவியாளர் வேலைக்கு வருகிறவரிடம் பத்துக் கால் நம்பர் (புத்தகம் ரேக்கில் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும் எண்) சீட்டுகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டியூயி பகுப்பின் கணினிப் பிரிவிலிருந்து 005.133, 005.74, 005.8 மூன்றும் அதில் இருக்கட்டும். 133 பெரிய எண் என்று நினைத்து 005.8-ஐ முதலில் வைக்கிறவர் புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கிறார் என்று அர்த்தம். அவர் அடுக்குகிற ரேக்கில் புத்தகம் இருக்கும், ஆனால் யாருக்கும் கிடைக்காது. ஐந்து நிமிடச் சோதனை, பேசவே வேண்டியதில்லை.

நூலகர் பதவிக்கு இன்னும் ஆழமாகப் போகலாம். காவிரிப் பாசன வரலாறு பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, இதை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். வேளாண்மை என்று 631.587-க்குப் போகலாம், பொறியியல் என்று 627.52-க்குப் போகலாம், நீர்வளப் பொருளாதாரம் என்று 333.91, தமிழ்நாட்டு வரலாறு என்று 954.82. எண்களை ஒப்பிக்க வேண்டியதில்லை. பகுப்புத் தொகுதியையோ கணினியையோ பார்த்துக்கொள்ளட்டும். கவனிக்க வேண்டியது, "இங்கே யார் படிக்கப்போகிறார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்கிறாரா என்பதை. வேளாண் கல்லூரிக்கு ஒரு விடை, வரலாற்றுத் துறை உள்ள கலைக் கல்லூரிக்கு இன்னொரு விடை. மூன்றாவது விதியை மனப்பாடமாகச் சொல்கிறவருக்கும் அதைப் புரிந்துகொண்டவருக்கும் உள்ள தூரம் இந்த ஒரு புத்தகத்தில் தெரிந்துவிடும்.

தமிழ்ப் புத்தகங்கள் கணிசமாக உள்ள நூலகமென்றால் இன்னொன்றும் கேட்கலாம். ஒரு தலைப்பு ரேக்கில் இருக்கிறது, ஓபேக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியலில்) தேடினால் வரவில்லை, ஏன்? பழைய பதிவுகள் யூனிகோட் அல்லாத எழுத்துருவில் ஏற்றப்பட்டிருக்கலாம். யூனிகோடாகவே இருந்தாலும் "கொ" என்பதில் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக அடித்தால் திரையில் ஒன்று போலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஆசிரியர் பெயரில் முன்னெழுத்துக்குப் பின் ஒரு பதிவில் புள்ளி, ஒன்றில் இடைவெளி, ஒன்றில் இரண்டும் இல்லை என்றும் இருக்கும். இதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறவர் உண்மையில் அந்த மேசையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டவர். சான்றிதழில் இது தெரியாது.

கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. கல்யாணம் ஆயிற்றா, குழந்தை எப்போது, வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார். பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருப்பது மகப்பேறு விடுப்புக் கணக்கு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. கொடுக்க மனமில்லாதவர்கள் ஆளெடுக்கும்போதே வடிகட்டப் பார்க்கிறார்கள். நிர்வாகத்துக்கு உண்மையிலேயே ஒரு கவலை இருக்கலாம், மாலைப் பணிக்கு ஆள் வேண்டும் என்பது போல. அப்படியானால் அதையே கேளுங்கள்: "நூலகம் இரவு எட்டு வரை திறந்திருக்கும், வாரத்தில் இரண்டு நாள் மாலைப் பணி உண்டு, முடியுமா?" ஆண் பெண் எல்லோரிடமும் அதே கேள்வி. சாதியைச் சுற்றி வளைத்து விசாரிப்பதும் அப்படித்தான். "தம்பிக்கு எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. கிராமத்துக் கல்லூரியில் தமிழ் வழியில் படித்து, நூலகவியல் முதுநிலைப் படிப்பான எம்.லிப். முடித்த ஒருவர், நூலகத்துக்கு உள்ளே தமிழில் மணி மணியாகப் பேசுவார். நேர்முகத்தில் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆய்வு மாணவர்களுக்குத் தரவுத்தளங்களைச் சொல்லித்தரும் பணி என்றால் ஆங்கிலம் வேண்டும்தான். அப்போது ஒரு தரவுத்தளத்தைத் திறந்து பத்து நிமிடம் விளக்கச் சொல்லிப் பார்க்கலாம். புத்தகம் கொடுத்து வாங்கும் சர்குலேஷன் கவுண்டர் வேலைக்கு எதற்கு?

இனி வேலை தேடிப் போகிறவர் பக்கம். தகுதி பற்றி நீட்டி முழக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி கல்லூரி நூலகருக்கு முதுநிலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும், இல்லாவிட்டால் விதிமுறைக்கு உட்பட்ட முனைவர் பட்டம். அது இருப்பதால்தான் அழைப்பு வந்திருக்கிறது. அழைப்பு வந்த பிறகு கோப்பை விரித்துச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

போவதற்கு முன்னால் அந்த நூலகத்தைப் பாருங்கள். நேரில் முடியாவிட்டால் இணையதளத்தில். ஓபேக் வெளியிலிருந்து திறக்கிறதா, திறந்தால் எந்த மென்பொருள், தமிழில் தேடினால் வருகிறதா, புதிய வரவுகள் கடைசியாக எப்போது ஏற்றப்பட்டன, நிறுவனக் களஞ்சியம் (கல்லூரியின் ஆய்வுகளைச் சேமிக்கும் இணையத் தொகுப்பு) இருக்கிறதா, இருந்தால் உள்ளே ஏதாவது இருக்கிறதா. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கு அவை தரும் சுயமதிப்பீட்டு அறிக்கையைப் பெரும்பாலும் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். அதில் நூலகத்துக்கென்று ஒரு பகுதி உண்டு, செலவுக் கணக்கு உட்பட. இதைப் படித்துவிட்டு வந்தவர் பேச்சு தனியாகத் தெரியும். ஆனால் குறை கண்டுபிடித்த தோரணையில் சொல்லாதீர்கள். "உங்கள் ஓபேக் வேலையே செய்யவில்லை" என்பதற்கும், "ஓபேக் கல்லூரி வலையமைப்புக்குள் மட்டும் திறக்கிற மாதிரி இருக்கிறது, விடுதி மாணவர்களுக்கு வெளியிலிருந்தும் கிடைக்கச் செய்யலாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அந்த ஓபேக்கை அமைத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

சொந்த அனுபவத்திலிருந்து நாலைந்து சம்பவங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். "கோஹாவுக்கு மாறும்போது பழைய எக்செல் பட்டியலில் ஒரே புத்தகம் மூன்று விதமான பெயரில் இருந்தது, நூல் வரவைப் பதியும் அக்செஷன் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்தோம், கோடை விடுமுறை முழுக்க அதற்கே போனது" என்று சொல்ல வேலை செய்தவரால்தான் முடியும். என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று: மூன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் வர வேண்டும். "நாங்கள்" என்று சொல்லும்போது அதில் உங்கள் பங்கு எது என்பதையும் சொல்லிவிடுங்கள். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குப் பணி அனுபவம் இல்லையென்றால் பயிற்சிக் காலத்தில் ஒரு நூலகத்தில் செய்த ஒரே ஒரு வேலையை விரிவாகச் சொன்னால் போதும். பொய்யாக எதையும் சேர்க்காதீர்கள். களஞ்சிய மென்பொருளான டிஸ்பேஸ் தெரியும் என்று போட்டுவிட்டு, ஒரு ஆவணத்தை எப்படி ஏற்றுவீர்கள் என்றதும் விழித்தால், அதற்கு முன் சொன்ன உண்மைகளும் சேர்ந்து அடிபடும். "படித்திருக்கிறேன், சர்வரில் நிறுவிப் பார்த்ததில்லை" என்பது மரியாதையான பதில்.

நடப்புச் செய்திகளில் ஒன்றாவது கேட்பார்கள். இப்போதைக்கு அது, ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். இதை ஒப்பித்துவிட்டு நிறுத்தினால் அரைப் பதில். திட்டம் தொடங்கப்பட்டது மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வகங்களுக்கும்தான். நீங்கள் உட்கார்ந்திருப்பது சுயநிதிக் கல்லூரியின் முதல்வர் அறை என்றால், அவருக்கு அடுத்துத் தோன்றும் கேள்வி "நமக்கு என்ன வழி?" என்பதாகத்தான் இருக்கும். கலை அறிவியல் கல்லூரி என்றால் மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்லிஸ்ட், நூலகங்களுக்கிடையே இரவல் பெற டெல்நெட், ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, கட்டணமில்லாத திறந்த அணுக்க இதழ்கள் என்று நீங்களே அங்கே கொண்டுபோய்விடுங்கள்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் "நத்திங் சார்" என்று எழுந்துவிடுவார்கள். பணிவு என்று நினைக்கிறோம். வேலையில் சேர்ந்த பிறகு படும் பாட்டில் பாதி அந்த நேரத்தில் கேட்காததால் வருகிறது. நூலகத்தில் மொத்தம் எத்தனை ஊழியர்கள்? புத்தகம் வாங்க ஆண்டுக்கு எவ்வளவு, யார் ஒப்புதல் தர வேண்டும்? கோடையில் மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக அனுப்புவீர்களா? இதை இவ்வளவு நேராகக் கேட்க வேண்டாம், "நூலகப் பணி தவிர வேறு பொறுப்புகள் உண்டா?" என்று கேட்டால் போதும், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு கேள்விகளை மட்டும் கட்டாயம் விட்டுவிடாதீர்கள். ஒன்று, நூலகரை ஆசிரியர் பிரிவில் வைத்திருக்கிறீர்களா, அலுவலகப் பிரிவிலா என்பது. மானியக் குழுவின் விதிமுறைகள் நூலகரை ஆசிரியர்களோடு சேர்த்துக் கல்விப் பணியாளராகத்தான் பார்க்கின்றன. நடைமுறையில் பல தனியார் கல்லூரிகளில் தகுதி கேட்கும்போது ஆசிரியருக்குள்ள தகுதி. விடுமுறையும் சம்பளமும் என்று வரும்போது அலுவலக ஊழியர். விடுமுறையில் எல்லோரும் போன பிறகு நூலகர் மட்டும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேருவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், தெரிந்து சேருங்கள்.

இன்னொன்று, கணக்கெடுப்பில் புத்தகம் குறைந்தால் பொறுப்பு யாருடையது? சொந்தக் காசில் ஈடுகட்டச் சொல்லும் இடங்கள் உண்டு, அந்தப் பயத்தில் அலமாரியைப் பூட்டிவைக்கும் நூலகர்களும் உண்டு. முதல் விதி அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215 இதில் தெளிவாக இருக்கிறது. வெளியே வழங்கிய அல்லது படிக்கக் கொடுத்த ஒவ்வொரு ஆயிரம் நூலுக்கும் ஆண்டுக்கு ஐந்து வரை குறைவது இயல்பு, அதில் நேர்மைக் குறைவோ அசட்டையோ இல்லாத வரை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ போனால் மட்டும் எப்படியும் விசாரணை உண்டு. முழுக் கணக்கெடுப்பு இருபதாயிரம் நூல் வரை உள்ள நூலகத்துக்கு ஆண்டுதோறும், ஐம்பதாயிரம் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது, அதற்கு மேல் மாதிரிக் கணக்கெடுப்பு. தனியார் கல்லூரியை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் "இப்படி ஒரு நடைமுறை இங்கே எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்க இது உங்களுக்கு ஒரு பிடி. நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளைச் சண்டைக்காரர் என்று ஒதுக்காதீர்கள். கணக்கில் நாற்பது புத்தகம் குறைந்தால் மறைக்காமல் உங்களிடம் வந்து சொல்லப்போகிறவர் அவர்தான்.

சம்பளம். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வியை நம் ஊரில் ஏலம் போலத்தான் நடத்துகிறார்கள், குறைவாகக் கேட்டவருக்கு வேலை. மானியக் குழு அளவில் கல்லூரி நூலகரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகளில் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்று பேசிக்கொள்வார்கள். இப்போது வாங்குவது, எதிர்பார்ப்பது, அதற்குக் கீழே முடியாது என்கிற கோடு, மூன்றையும் வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போங்கள். நிர்வாகங்கள் விளம்பரத்திலேயே ஒரு வரம்பைப் போட்டுவிட்டால் இரு பக்கமும் அரை நாள் மிச்சம்.

வேலை கிடைத்தால் அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகல் எடுத்துக்கொள்ளட்டும். கையில் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். சேருகிற அன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, விலகும்போது மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம் என்று இழுத்தடிக்கப்பட்டவர்கள் இந்தத் துறையில் நிறைய. பணி நியமன ஆணை கைக்கு வருவதற்கு முன் பழைய வேலையை விடவும் வேண்டாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்க விரும்பும் நிர்வாகமும் விண்ணப்பித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விசாரிக்கட்டும். நூலகத் துறை சின்ன வட்டம். காலையில் போன ஒரு போன், மாலைக்குள் அவருடைய இப்போதைய முதல்வர் காதுக்குப் போயிருக்கும்.

முடிவைச் சொல்வதிலும் இரக்கம் வேண்டும். "தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருப்பது நம் நிறுவனங்களின் பழக்கம். ஆளெடுத்த அன்றே மற்றவர்களுக்கு இரண்டு வரி அனுப்பலாம். அடுத்த நிலையில் இருந்தவருக்கு மட்டும், எடுத்தவர் வந்து சேரும் வரை காத்திருக்க முடியுமா என்று தேதி குறிப்பிட்டுக் கேட்கலாம். தேர்ந்தெடுத்தவர் கடைசி நேரத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவது சகஜமாக நடப்பதுதான்.